பனிமனிதன் வராத ஊரில் பருவகாலப் பாடம்

எங்கள் பகுதிக் குடியிருப்பு ஒன்றில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு திண்ணை, ஒரு பல்பு, ஒரு கைப்பேசி, இருபது பிள்ளைகள். சில வாரங்களுக்கு முன் பருவகாலங்கள் பற்றிய வீடியோ ஒன்றைப் போட்டோம். வசந்தம் வந்தது, பூப் பூத்தது. கோடை வந்தது, பிள்ளைகள் கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றார்கள். இலையுதிர்காலம் வந்தது, மரமெல்லாம் சிவந்தது. குளிர்காலம் வந்தது, கேரட் மூக்கு வைத்த பனிமனிதன் சிரித்தான். குரல் தமிழ்க் குரல்தான். படம் முழுக்க வேறு நாடு.

முடிந்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “அண்ணே, நம்ம ஊர்ல இலையுதிர்காலம் எந்த மாசம்ணே வரும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த பையன் பதில் சொல்லிவிட்டான்: “நமக்கெல்லாம் அது வராதுட்டி. நல்ல ஊருக்குத்தான் வரும்.”

பையன் சொன்னது பூகோளப்படி தவறு. ஆனால் அதை அவன் பூகோளத்திலிருந்து கற்கவில்லை. குழாய்த் தண்ணீர் அங்கே முதலில், இங்கே கடைசியில். தார் ரோடு அங்கே வரை, இங்கே மண். அந்தக் கணக்கில் அவன் பருவகாலத்தையும் சேர்த்துவிட்டான். எட்டு வயதில் ஒரு பிள்ளை வானத்தையும் சாதிக் கணக்கில் வரவு வைக்கிறான் என்றால், நாம் போட்டுக்காட்டிய வீடியோவுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

தோழர்களே, முதலில் அறிவியலைப் பேசிவிடுவோம். பூமி தன் அச்சில் 23.5 பாகை சாய்ந்து சூரியனைச் சுற்றுகிறது, அதனால்தான் பருவங்கள். இந்தச் சாய்வு லண்டனில் செய்கிற வேலை வேறு, திருநெல்வேலியில் செய்கிற வேலை வேறு. லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்பது மணி நேர வித்தியாசம். நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைகூட விலகாத நம் ஊரில் அது சுமார் ஒரு மணி நேரம்தான். நம் பருவத்தை நிர்ணயிப்பது காற்றும் மழையும். அதனால்தான் வானிலைத் துறை ஆண்டைக் குளிர்காலம், கோடை, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று நான்காகப் பிரிக்கிறது. நம் பாடநூலிலும் அது இருக்கிறது. ஆனால் பிள்ளை பாடநூலைத் திறப்பதற்கு முன்பே கைப்பேசியைத் திறந்துவிடுகிறது. அங்கே பனிமனிதன் காத்திருக்கிறான்.

தாமிரபரணிக் கரையில் இந்த இரண்டு மழையையும் ஒரு பிள்ளை கண்ணால் பார்க்கலாம். ஆனி, ஆடியில் திருநெல்வேலியில் வெயிலும் காற்றும்தான். ஆனால் பொதிகை மலையில் மழை கொட்டும். ஆற்றில் தண்ணீர் வரும். பாபநாசம் அணை திறப்பார்கள்; கார் சாகுபடி தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கீழ்த்திசையிலிருந்து வரும், பிசான சாகுபடி. தன் ஊரில் மழையே இல்லாத மாதத்தில் ஆற்றில் தண்ணீர் ஏன் ஓடுகிறது என்று யோசிக்கிற பிள்ளைக்குப் பருவக்காற்று புரிந்துவிடும். இதைச் சொல்ல ஒரு வீடியோ போதும். அதை ஏன் நாம் எடுக்கவில்லை?

இந்த இடத்தில் தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் வருவார்கள். “எங்களுக்கு ஆறு பெரும்பொழுது உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதைக் காட்டுங்கள்” என்பார்கள். காட்டலாம். ஆனால் அதற்கென்று வருகிற படத்தைப் பாருங்கள். பச்சை வயல். தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி. குனிந்து நாற்று நடுகிற பெண்கள் வரிசையாக, முகமில்லாமல், சிரித்தபடி. பொங்கல் பானை. அந்த வயல் யாருடையது? நடுகிறவர்கள் யார்? அந்தப் பெண்கள் வயலைவிட்டு ஏறினால் எந்தத் தெருவுக்குப் போவார்கள்? பனிமனிதனை எடுத்துவிட்டு நிலவுடைமையாளரை வைத்தால் எங்கள் பிள்ளைக்கு என்ன மாறிவிட்டது? இரண்டு படத்திலும் அவள் வீடு இல்லை.

பருவம் எல்லோருக்கும் ஒன்று என்பது முதல் பொய். வயல் வைத்திருப்பவருக்குக் கார், பிசானம் என்றால் இரண்டு போகம். எங்கள் ஆச்சிகளுக்கு அது நடுகைக் கூலி, களையெடுப்புக் கூலி, அறுப்புக் கூலி. நடுவில் இருப்பது கடன். இப்போது நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தபிறகு அந்தக் கூலி நாட்களும் சுருங்கிவிட்டன. மழைக்காலம் மேட்டுத் தெருவுக்குக் குளிர்ச்சி. வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தில் ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்கு முழங்கால் தண்ணீர். அந்த மாதத்தில் ஒரு சாவு விழுந்தால், பாதையில்லாத சுடுகாட்டுக்குச் சேற்றில் இறங்கி நடக்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. ஓராண்டில் அங்கே பெய்கிற மழையைவிட அதிகம். மழை சாதி பார்த்துப் பெய்யவில்லை. ஆனால் யாரைப் பள்ளத்தில் குடியமர்த்துவது என்பதைச் சாதி முன்பே முடிவு செய்திருந்தது.

பருவம் இருக்கட்டும், பகலும் இரவும்கூட இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. கண்ணில் பட்டாலே தீட்டு என்று சொல்லி, பகலில் வெளியே வர விடாமல், இரவில் மட்டும் வேலை செய்ய வைக்கப்பட்ட புரத வண்ணார் மக்களைப் பற்றி 1932இல் வந்த பத்திரிகைச் செய்தியை அம்பேத்கர் எடுத்துக்காட்டியிருக்கிறார். அது திருநெல்வேலி மாவட்டத்துச் செய்தி. சூரியன் உதிப்பதையும் மறைவதையும் எங்கள் பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது இதை எந்த வகுப்பில் சொல்வது?

ஆடி மாதம் என்றால் ஆற்றில் தண்ணீர் என்றேன். 1999 ஜூலை 23, அது ஆடி மாதம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்த மக்கள்மீது போலீஸ் தடியடி நடத்தியது. விரட்டப்பட்டவர்கள் தாமிரபரணியில் விழுந்தார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தலித்துகள். தமிழ்நாட்டில் மிக அதிகம் மழை பெய்கிற மலைகளில் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள். தாமிரபரணியை ‘வற்றாத ஜீவநதி’ என்று பாடுகிற எந்தப் பாட வீடியோவும் அந்த ஆடியைச் சொல்லாது. நாம் சொல்ல வேண்டும்.

“எட்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?” என்று கேட்பவர்கள் உண்டு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர்கள் சிலர், தங்களோடு படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகுதான் நீதிநாயகம் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதி எங்கள் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை காத்திருந்து தொடுவதில்லை. கையில் கட்டுகிற கயிற்றின் நிறம் பள்ளியிலேயே பேசப்படுகிற மாவட்டம் இது. ஆதிக்கச் சாதிப் பிள்ளைக்குச் சாதியைக் கற்றுத்தர வயது பார்க்காதவர்கள், எங்கள் பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல மட்டும் வயது கேட்கிறார்கள்.

இன்னொரு கேள்வியை நான் மதிக்கிறேன். “அப்படியானால் சேரிப் பிள்ளைக்குச் சேரியை மட்டும்தான் காட்டுவீர்களா? பனி, இலையுதிர்காலம் எல்லாம் அவளுக்கு வேண்டாமா?” வேண்டும். கட்டாயம் வேண்டும். பிள்ளையை அப்பன் தொழிலோடு கட்டிப்போடப் பார்த்த 1953ஆம் ஆண்டுக் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து நின்ற மண் இது. உன் ஊர் போதும், உன் தெரு போதும் என்று சொல்வதும் குலக்கல்விதான். அவள் லண்டன் பனியையும் அறிய வேண்டும், ஒருநாள் அங்கே போய்ப் படிக்கவும் வேண்டும். ஆனால் தன் ஊர் வானம் ‘நல்ல ஊர்’ வானத்தைவிட மட்டம் என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது.

வீடியோவை நான் வெறுக்கவில்லை. பள்ளிகள் மூடிய 2020இல் கல்வித் தொலைக்காட்சியும் ஒரு கைப்பேசியும்தான் பல வீடுகளில் வகுப்பறை. கடைசி பெஞ்சுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைக்கும் முதல் பெஞ்சுப் பிள்ளைக்கும் வீடியோ ஒரே குரலில்தான் பேசும். அது சின்ன விஷயமில்லை. கேள்வி, கேமரா யார் கையில் என்பதுதான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு வீடியோ. ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் ஞாயிறு அதே நான்கு இடங்களைப் பிள்ளைகளே படமெடுக்கட்டும்: வாய்க்கால், வயல், குழாயடி, சுடுகாட்டுப் பாதை. நேரான சுவருள்ள ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, ஸ்கேல் கொண்டு மழையை அளக்கட்டும். முற்றத்தில் ஒரு குச்சி நட்டு மதிய நிழலைக் குறிக்கட்டும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் ஒருநாள் அந்த நிழல் குச்சியின் காலடியில் மறைந்துவிடும். அன்று சூரியன் நேர் உச்சியில். லண்டன் பிள்ளைக்கு அந்தக் காட்சி ஒருநாளும் கிடைக்காது. அம்மாவுக்கு எந்த மாதம் எத்தனை நாள் வேலை என்று ஒரு நோட்டில் எழுதட்டும். பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் மட்டும் வெளியே போடாதீர்கள்.

ஆண்டு முடிவில் உங்களிடம் ஒரு பருவகாலப் பாடம் இருக்கும். குழாயில் தண்ணீர் வராத மாதங்களும், சுடுகாட்டுப் பாதை மூழ்கிய நாட்களும் தேதியோடு இருக்கும். அதை வகுப்பிலும் காட்டலாம், ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடும் கொடுக்கலாம்.

நாங்கள் குச்சி நட்டுவிட்டோம். இலையுதிர்காலம் கேட்ட பிள்ளைதான் தினமும் நிழல் அளக்கிறாள். “நல்ல ஊருக்குத்தான் வரும்” என்ற பையனிடம் மழை டப்பாவைக் கொடுத்திருக்கிறோம்.

ஜெய்பீம்.