‘எல்லாம் தெரியும் சார்!’ – இன்டர்வியூ காமெடியில் தப்பு யார் மேல?

“உங்க வீக்னஸ் என்ன?”

“எந்த வேலையையும் ரொம்ப பெர்ஃபெக்ட்டா செய்வேன் சார். அதான் என் வீக்னஸ்.”

இன்டர்வியூ காமெடி ரீல்ஸ் பாதிக்கு மேல இந்தப் பதிலை வெச்சுத்தான் ஓடுது. சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனா இதை அந்தப் பையன் சொந்தமா யோசிச்சு சொல்லலை. பிளேஸ்மென்ட் வகுப்புலயும் யூடியூப்லயும் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறான், அவ்வளவுதான்.

ஓசூர் பக்கம் இது அன்றாடக் காட்சி. 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என வளர்ந்த ஊர். இப்போ திம்ஜேப்பள்ளியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா. அத்திப்பள்ளியைத் தாண்டினா பெங்களூரு. ஐடிஐ, டிப்ளமோ, பி.இ. முடிச்சவங்க எல்லாம் ஒரே வேலைக்கு ஒரே வரிசையில நிக்கும்போது, ‘கொஞ்சம் தெரியும்’னு சொல்ல யாருக்குத்தான் தைரியம் வரும்? எல்லாரும் எக்ஸ்பர்ட்தான்!

சிஎன்சி மெஷின் ஆபரேட்டர் வேலைக்கான இன்டர்வியூவை நினைச்சுப் பாருங்க. “ஜி00, ஜி01 என்ன வித்தியாசம்?” “ஒண்ணு வேகமா போகும் சார், ஒண்ணு மெதுவா போகும்.” கேட்கிறவர் சிரிச்சிடுவார். ஆனா பதில் கிட்டத்தட்ட சரி. ஜி00-ல டூல் வெட்டாம முழு வேகத்துல நகரும். ஜி01-ல நாம கொடுத்த வேகத்துல நேர்கோட்டுல போய் வெட்டும். பையனுக்கு விஷயம் தெரியும், சொல்ல வார்த்தை இல்லை. அடுத்து வர்றவர் ‘ரேபிட்’, ‘இன்டர்போலேஷன்’னு ஆங்கிலத்துல அடிச்சு விடுவார். மெஷின் முன்னாடி நிறுத்தினா, ரெண்டையும் மாத்திப் போட்டு டூலை ஜாப் மேல மோத விடுவார். காமெடி அங்கே முடிஞ்சுபோகும். பவர் பிரஸ்ல இதே ‘தெரியும் சார்’ விரலையே எடுத்துடும்.

தெரியாதவருக்கு ஏன் இவ்வளவு தைரியம்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் என்ற உளவியலாளர்கள் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டாங்க. தர்க்கம், இலக்கணம், நகைச்சுவையைப் புரிஞ்சுக்கிறது எனச் சில சோதனைகள். (ஆமா, ஜோக்குக்கும் டெஸ்ட் வெச்சாங்க!) கடைசி கால்வாசியில் இருந்தவங்க, 100 பேர்ல சுமார் 12 பேரை மட்டும் முந்தற நிலையில இருந்துக்கிட்டு, தாங்க 62 பேரை முந்தறதா நம்பினாங்க. இதுல ஒரு பகுதி வெறும் புள்ளிவிவரக் கணக்கால வர்ற தோற்றம்தான் என்று பின்னால விமர்சனமும் வந்தது. ‘அறியாதவனுக்குத்தான் கர்வம்’னு இதை வெச்சு மீம் போடறவங்க அதைச் சொல்றதில்லை.

என் பார்வையில் ஓசூர் பையன்களோட பிரச்சினை வேற. இல்லாத இடத்துல ஓவரா சொல்றாங்க. இருக்கிற இடத்துல வாயே திறக்கறதில்லை.

பயோடேட்டாவுல ‘தெரிந்த மொழிகள்’ பகுதியைப் பாருங்க. ஆங்கிலம், இந்தி ரெண்டுக்கும் படிக்க, எழுத, பேச மூணுலயும் டிக். வீட்டுல பேசற தெலுங்கு இருக்காது. சந்தையில பேசற கன்னடம் இருக்காது. பள்ளிக்கூடத்துல படிக்காத மொழி ‘தெரிந்த மொழி’ இல்லைன்னு ஒரு நினைப்பு. ஆனா மூணு மாநிலத்து ஆட்கள் ஒரே லைன்ல நிக்கிற ஷாப் ஃப்ளோர்ல, எல்லார்கிட்டயும் பேசி வேலை வாங்கத் தெரிஞ்சவர்தான் சூப்பர்வைசருக்கு வேணும். தனியார் வேலைகளில் உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கீடு தர்ற மசோதாவை 2024 ஜூலையில் கர்நாடகா கொண்டு வந்தப்போ, யார் ‘உள்ளூர்’ என்பதற்குக் கன்னட அறிவையும் ஓர் அளவுகோலா வெச்சது. எதிர்ப்பு கிளம்பி சில நாள்லயே அதை நிறுத்தி வெச்சாங்க. ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை தேடறவருக்கு அந்த மொழி எவ்வளவு முக்கியம்னு அது காட்டிடுச்சு.

அதே மாதிரி, அப்பாவோட ரோஜா பசுமைக்குடில்ல சொட்டுநீர்க் குழாய் அடைப்பை எடுத்தது, பம்ப் மோட்டாரைக் கழட்டி மாட்டினது எல்லாம் மெயின்டனன்ஸ் அனுபவம்தான். “அதெல்லாம் சும்மா வீட்டு வேலை சார்”னு தள்ளிடுவாங்க.

கேட்கிறவங்க மட்டும் என்னவாம்? ஒரு வருஷ அப்ரென்டிஸா எடுக்கப்போறவர்கிட்ட “அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பார்க்கறீங்க?”னு கேட்டா, பாவம், அவன் என்ன சொல்வான்? “உங்க சீட்லதான் சார்!” அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் போதும்.

ஆள் தேர்வு பற்றி 85 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை ஷ்மிட், ஹன்ட்டர் இருவரும் 1998-ல் தொகுத்தப்பவே, மனம்போனபடி கேட்கிற இன்டர்வியூவைவிட, எல்லார்கிட்டயும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பிடறது பின்னால வேலைத்திறனை நல்லா கணிக்குதுன்னு வந்தது. அதுக்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு வெர்னியர் காலிப்பரையும் ஒரு பீஸையும் கையில கொடுத்து “அளந்து சொல்லுப்பா”ன்னு சொன்னா, 0.02 மி.மீ. வரைக்கும் யாருக்குப் படிக்கத் தெரியும்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

அதுவரைக்கும் ஒண்ணு செய்யலாம். இன்னைக்கே பயோடேட்டாவைத் திறந்து, மொழிகள் பகுதியில் தெலுங்கையும் கன்னடத்தையும் சேருங்க. படிக்க, எழுத ரெண்டுலயும் டிக் வேண்டாம். ‘பேச’ மட்டும் போதும்.