மடவைச் செதிலும் எண்ணூர்க் கழிமுகமும்

மீன் வளர வளரச் செதிலும் விரிவதால், வளர்ச்சி தளரும் பருவத்தில் நுண்கோடுகள் நெருங்கி உண்டாகும் வளையத்தின் ஆரத்தை அளந்து, மீனின் முந்தைய நீளத்தைக் கணிக்கும் முறையை நார்வே அறிஞர் ஐனார் லேயா 1910-இல் விளக்கினார். செதிலின் முழு ஆரம் 6 மில்லிமீட்டர், வளையத்தின் ஆரம் 4 மில்லிமீட்டர் எனில், இன்று 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மடவை மீன் வளையம் உண்டானபோது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இருந்திருக்கும். கடுங்குளிர் இல்லாத எண்ணூர், மீஞ்சூர்ப் பகுதியில், பருவமழையில் உப்பு குறைவதும் இனப்பெருக்கமும் இரைப் பற்றாக்குறையும்கூட வளையத்தைத் தரக்கூடும் என்பதால், ஒரு வளையத்தை ஓராண்டு என்று கொள்வது பிழையாகலாம். ஆகவே, அனல்மின் நிலையங்களின் வெந்நீரும் சாம்பலும் சேர்ந்து, 2023 டிசம்பரில் எண்ணெயும் படர்ந்த கொசஸ்தலையாற்றின் எண்ணூர்க் கழிமுகத்தில், மாதந்தோறும் மடவைச் செதில்களை அளந்து பதிவதைக் கட்டாயமாக்க வேண்டும். இந்த மாசால் மீனவருக்கு நேரும் இழப்பைக் கணக்கிடுவோர், குறைந்த எடையோடு, மீன் வளராமல் தேங்கிய மாதங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.