சியாம் நாட்டு விருந்தும் நம் அடுக்களையும்

தம்புள்ளைக் குகைக் கோயிலின் படிகளில் நாள்தோறும் பிறநாட்டார் ஏறி இறங்குகின்றனர். 1991 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அத்தலத்தை வியந்து இறங்குவோருக்கு, யான் கண்ட விடுதிகள் சில பாணும் பொரித்த உருளைக்கிழங்கும் படைத்து வழியனுப்புகின்றன. இது விருந்தோம்பலாகுமா? பாங்கொக் மாநகருக்குச் சென்று மீண்ட பின்னர் இவ்வினா என்னை விட்டு அகலவில்லை.

சியாம் நமக்கு அந்நிய நாடன்று. 1753 இல் அயுத்தியாவிலிருந்து உபாலி தேரர் கண்டிக்கு வந்து, அற்றுப்போயிருந்த பௌத்த துறவு மரபை மீண்டும் நிறுவினார். அவரை வரவேற்ற கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் நாயக்கர் குலத்தவன். தம்புள்ளைக் குகைகளைப் புதுக்கியவனும் அவனே. அயுத்தியா 1767 இல் அழிந்தது. 1782 இல் பாங்கொக் தலைநகராயிற்று.

அந்நகரின் சீலோம் வீதியில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலை வணங்கியபின் உணவு தேடினேன். சைவ உணவினனாகிய எனக்கு அச்சமே மிகுந்தது. அங்கே மீன்சாறு சேராத கறி அரிது. மஞ்சட் கொடி தொங்கும் கடையை நாடுமாறு ஒருவர் வழிகாட்டினார். அங்கு ஒரு கிண்ணம் வந்தது: தேங்காய்ப்பால், எலுமிச்சம்புல், பேரரத்தை, பச்சை மிளகாய், தேசிப்புளி. ஒரு வாய் அருந்தியதும் அன்னையின் சொதி நினைவுக்கு வந்தது. அக்கிண்ணத்திலிருந்தவற்றுள் நம் மண்ணில் விளையாதது எது?

வேற்றுமை பொருளில் இல்லை, மதிப்பில் இருக்கிறது. தாய்லாந்து அரசு 2002 இலேயே தன் உணவகங்களைப் பிறநாடுகளிற் பெருக்கத் திட்டம் வகுத்தது. அந்நாட்டின் இறால் ரசமாகிய 'தொம் யம் குங்' 2024 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. நாமோ வல்லாரைச் சம்பலையும் முருங்கையிலை வறையையும் குரக்கன் பிட்டையும் விருந்தினர் கண்ணிற் படாது மறைக்கின்றோம்.

நம் காரத்தை வெளிநாட்டார் தாங்கார் என்பர் சிலர். சியாமியர் இதற்கு எளிய விடை கண்டுள்ளனர். மேசைதோறும் மிளகாய்த்தூள், சர்க்கரை, மிளகாய் ஊறிய காடி, மீன்சாறு ஆகியவற்றை வைத்துவிடுகின்றனர். உண்பவன் தன் நாவுக்கேற்பச் சேர்த்துக்கொள்கிறான். சமையல் தன் இயல்பை இழப்பதில்லை.

இது வெறும் நாச்சுவை பற்றிய பேச்சன்று. 1999 இல் தம்புள்ளையில் அமைந்த பொருளாதார மத்திய நிலையத்துக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் காய்கறி வந்து குவிகிறது. விளைச்சல் மிகுந்த காலத்தில் விலையின்றி அது அழுகுவதும் உண்டு. உழவன் கண்ணீர் ஒருபுறம். அதற்கு அணித்தே உறையிட்டு வந்த உணவை உண்ணும் விருந்தினன் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே நிற்கவேண்டியது நம் அடுக்களை அன்றோ?

நம் கல்லூரியின் பழைய மாணவருள் விடுதி நடத்துவோர் உளர். அவர்களிடம் யான் வேண்டுவது சிறிதே: நாள்தோறும் ஒரு சொதி, ஒரு வறை, ஒரு சம்பல். அவற்றைச் சொந்தப் பெயராலேயே அழைத்து, நாணாது படையுங்கள். தன் வீட்டு உணவைத் தானே மதியாதவனிடம் அயலான் அதனைக் கேட்டு வாங்கி உண்பானா?