இலை 97, பை 71, பாய் 26!

நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் 80 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு ஓட்டெடுப்பு வைத்தோம். அத்தனை பேரும் பதில் போட்டுவிட்டார்கள். முதல் நாள் மாலை வரவேற்புக்கு 52 பேர், மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு 45 பேர், எதற்கும் வர முடியாது என்று 9 பேர்.

“அண்ணி, 52-ம் 45-ம் 97. தாம்பூலப் பை 97 சொல்லிடவா?” என்றாள் நாத்தனார்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் நிமிர்ந்தாள். “அத்தை, குரூப்புல இருக்கிறதே 80 பேர்தான். அதுல 9 பேர் வரலை. அப்புறம் எப்படி 97?”

போன தேர்வில் இதே மாதிரி கணக்கில் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவள் அவள். சூத்திரம் மனப்பாடம். ஆனால், எந்த எண்ணை எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை. அன்று சூத்திரத்தை விட்டுவிட்டு, ஒரு தாளில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள் போட்டாள். இங்கிலாந்தின் ஜான் வென் 1880-ல் எழுதிய கட்டுரையால் பிரபலமான, பள்ளிப் புத்தகத்தில் ‘வென்படம்’ என்று வரும் அதே படம்தான்.

இரண்டு வேளையும் வருபவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. தெரியாததற்கு x என்று பெயர் வைத்து, வட்டங்கள் வெட்டும் நடு இடத்தில் எழுதினாள். அப்படியானால், வரவேற்புக்கு மட்டும் வருபவர்கள் 52 – x. முகூர்த்தத்துக்கு மட்டும் 45 – x. வட்டத்துக்கு வெளியே 9. எல்லாம் சேர்ந்தால் 80.

(52 – x) + x + (45 – x) + 9 = 80

சுருக்கினால் 106 – x = 80. அதாவது x = 26.

80 பேர் போட்ட ஓட்டு மொத்தம் 106. கூடுதலாக வந்த அந்த 26 ஓட்டு, இரண்டு வேளைக்கும் ஓட்டுப் போட்டவர்களுடைய இரண்டாவது ஓட்டு. அவ்வளவுதான் விஷயம்!

சரிபார்ப்போம். வரவேற்புக்கு மட்டும் 26, இரண்டுக்கும் 26, முகூர்த்தத்துக்கு மட்டும் 19, வராதவர்கள் 9. கூட்டினால் 80.

நாத்தனாரின் 97-ம் தப்பில்லை. இரண்டு வேளையும் வருபவர் இரண்டு வேளையும் சாப்பிடுவார். அதனால் இலை 97. ஆனால், தாம்பூலப் பை ஆளுக்கு ஒன்றுதான். அது 71 போதும். பை ஒன்று 60 ரூபாய் என்றால், மிச்சம் 1,560 ரூபாய். இரண்டு நாளும் இருப்பவர்கள் ராத்திரி மண்டபத்தில் தங்குவார்கள். அவர்களுக்குப் பாய், தலையணை 26. ‘எத்தனை பேர்?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘எதற்கு?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கேள்வியில் ‘மட்டும்’ என்ற சொல் இருந்தால் அடிக்கோடு போடுங்கள். ‘வரவேற்புக்கு வருபவர்கள்’ 52. ‘வரவேற்புக்கு மட்டும் வருபவர்கள்’ 26. மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான். அதேபோல், ‘எதிலும் சேராதவர்கள்’ இருக்கிறார்களா என்றும் பாருங்கள். x குறை எண்ணாகவோ, சின்ன வட்டத்தைவிடப் பெரிதாகவோ வந்தால், எங்கோ தவறு என்று அர்த்தம்.

இப்போது உங்களுக்கு ஒன்று. ஒரு வகுப்பில் 40 பேர். ஒவ்வொருவரும் கபடி, கிரிக்கெட் இரண்டில் ஒன்றையாவது ஆடுவார்கள். கபடி ஆடுபவர்களைப்போல் இரண்டு மடங்கு பேர் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இரண்டும் ஆடுபவர்கள் 5 பேர். கிரிக்கெட் மட்டும் ஆடுபவர்கள் எத்தனை பேர்?

இந்த முறை x-ஐ நடுவில் வைக்காதீர்கள். கபடி ஆடுபவர்கள் x என்று வையுங்கள். 2x + x – 5 = 40. மீதியை வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். 25 வந்தால், அடுத்த கல்யாணத்துக்குக் கணக்குப் பொறுப்பு உங்களுக்குத்தான்!