பாதியில் நின்ற கணக்கு

பிரிட்டனில் முதலாளிகள் தாமாக முன்வந்து வாழ்வூதியம் (வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான கூலி) கொடுத்தாலும், பகுதிநேரத் தொழிலாளியின் உதவித்தொகையை அரசு வெட்டிவிடும், பிறகெதற்கு உயர்வு என்கிறார் நண்பர். யூனிவர்சல் கிரெடிட் என்ற அந்த உதவித்தொகையை வாங்குபவருக்குக் கூடுதலாக வரும் ஒரு பவுண்டுக்கு 55 பென்ஸ் வெட்டு. சரி, மீதி 45 பென்ஸ்? 2024-25இல் வாழ்வூதியமாக இருந்த மணிக்கு 12.60 பவுண்டில் வாரம் 16 மணிநேரம் துப்புரவு செய்தவருக்கு வாரம் 201.60 பவுண்டு; ஆண்டு வருமானம் 12,570 பவுண்டு என்ற வரிவிலக்கு வரம்பைத் தொடாததால் வருமான வரி இருக்கவில்லை. உதவித்தொகை வாங்காதவருக்கோ அந்த 55 பென்ஸ் வெட்டும் இல்லை. 55 பென்ஸ் அநியாயம்தான். அதைக் குறைக்கச் சொல்லி அரசிடம் சண்டை போடுங்கள்; முதலாளிக்கு ஏன் சாக்கு எடுத்துக் கொடுக்கிறீர்கள்? ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது: அடுத்த வாரம் எத்தனை மணிநேரம் வேலை என்பதே பலருக்கு நிச்சயமில்லை. வாழ்வூதியத்துக்காக இயங்கும் லிவிங் வேஜ் ஃபவுண்டேஷன் அமைப்பு வாரம் 16 மணிநேர உத்தரவாதம், 4 வார முன்னறிவிப்பு என்று தனியாகக் கேட்பது இதற்காகத்தான்.