கப்பல் இல்லாத கரைக்கு நிலையம் எதற்கு?

தனுஷ்கோடிக்கு மீண்டும் புகைவண்டி விடவேண்டும் என்று கோருவோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. அண்மையில் நண்பர்கள் சிலர் நம்மிடமும் ஒரு கோரிக்கை மனுவை நீட்டினர். படித்துப் பார்த்தோம். அழிந்த நிலையத்தைப் பழைய வடிவிலேயே கட்ட வேண்டும், உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், கடைகள் பெருகும், ஊர் செழிக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தது. கப்பல் என்ற சொல்லை மட்டும் அதில் எங்கும் காணோம். மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நண்பர்களுக்கு வருத்தம். அவர்களுக்கும் அவர்களைப் போல் எண்ணுவோர்க்கும் நமது மறுப்பின் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கடலையே காணாத கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு நாட்டின் கடைக்கோடி நிலையத்தைப் பற்றிப் பேச உமக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். உரிமை இருக்கிறது. சேலம், திருச்சி மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைகள் ஆயிரம் ஆயிரம் பேர். நம் பகுதியிலிருந்து கடை கண்ணி வைக்கக் கண்டிக்கும் கொழும்புக்கும் சென்றவர்களும் உண்டு. சின்னசேலத்தில் வண்டியேறி, விருத்தாசலம், திருச்சி, மானாமதுரை என்று மாறி மாறிச் சென்று அவர்கள் இறங்கிய இடம் தனுஷ்கோடி. நம் ஊர்க்காரனுக்கு அது கடைக்கோடி அன்று. பயணத்தின் நடு வழி.

அந்த நிலையம் எதற்காகக் கட்டப்பட்டது? 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 22 மைல். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்பு கோட்டை நிலையம் வரை செல்லும். இங்கே வண்டியை விட்டு இறங்கினால் கப்பல்; கப்பலை விட்டு இறங்கினால் அங்கே வண்டி. 'போட் மெயில்' என்று மக்கள் வாயில் வழங்கிய பெயரிலேயே படகு முன்னே நிற்பதைக் கவனியுங்கள். கப்பலுக்காகத்தான் நிலையம் வந்தது. ஒரு மணல் திட்டின் அழகைப் பார்ப்பதற்காக எவரும் அங்கே இருப்புப் பாதை போடவில்லை.

அரபு மொழி கற்றோர்க்கு இங்கே ஒரு செய்தி. இப்னு பதூதா முதலான அரபுப் பயணிகள் நமது சோழமண்டலக் கரைக்கு வழங்கிய பெயர் 'மஅபர்'. கடந்து செல்லும் இடம், கடவுத்துறை என்பது அதன் பொருள். இப்னு பதூதா 1344இல் ஸரன்தீபில் பாவா ஆதம் மலையைக் கண்டுவிட்டுக் கப்பலேறி வந்ததும் இந்த மஅபருக்குத்தான். இன்றைய அரபுச் செய்தித்தாள்களிலும் நாட்டெல்லையில் மக்கள் கடக்கும் வாயிலுக்கு அதே சொல்தான். கடலில் தலைகாட்டும் மணல் திட்டுகளை ஒரு சாரார் சேது என்பர். மற்றொரு சாரார் ஆதம் பாலம் என்பர். இரண்டுக்கும் பொருள் பாலமே. இதைச் சுவர் என்று அழைத்த மக்கள் எந்தக் கரையிலும் இருந்ததில்லை.

சுவர் பின்னால் எழுந்தது. அதுவும் தாளில் எழுந்தது. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களை எண்ணிப் பங்கிட்டது. அவ்விரு தலைவர்களும் அம்மக்களில் ஒருவரையேனும் விருப்பம் கேட்டதுண்டா? ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் 22ஆம் நாள் இரவில் புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நோக்கி வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டி நிலையத்தை எட்டுமுன்பே அலையில் அமிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரும் அழிந்தது.

ஆயினும் அத்துடன் கப்பல் நின்றுவிடவில்லை. இதைத்தான் நண்பர்கள் மறந்து போகிறார்கள். புயலுக்குப் பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. தாயகம் திரும்புவோர் என்று பெயரிடப்பட்ட மலைநாட்டு மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து இறங்கியதும் அந்தக் கப்பலில்தான். 1980களில் இலங்கையில் மூண்ட கலவரமும் போருமே அதை நிறுத்தின. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. கடவுத்துறையை மூடியவர்கள் மனிதர்கள்.

கப்பல் நின்றது, மக்கள் நின்றார்களா? 1983க்குப் பின் ஓட்டைப் படகுகளில் உயிரைப் பணயம் வைத்து வந்து கரையேறியோர் எத்தனை பேர்! அவர்களுள் பலர் இன்றும் தமிழகத்தின் பல மாவட்டங்களில் முகாம்களில் வாழ்கின்றனர். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, கைக்குழந்தைகளுடன் வந்தோரைப் படகோட்டிகள் அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனதைப் பத்திரிகைகளில் படித்தோம். கப்பலை விட்டால் கடத்தல் பெருகும், பாதுகாப்புக் கெடும் என்று சொல்கிறவர்களுக்கு நமது மறுமொழி இதுவே: கடத்தல்காரன் பயணச்சீட்டு வாங்கி, கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு வருவதில்லை. வாயிலை அடைத்து வைத்தால் நேர்மையானவன் வீட்டில் இருப்பான். மற்றவன் இரவில் வருவான்.

சென்ற ஆண்டு நமது மதரஸா மாணவர்கள் சிலருடன் தனுஷ்கோடி சென்றிருந்தோம். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததிலிருந்து அங்கே வாகனங்களுக்குக் குறைவில்லை. இடிந்த தேவாலயத்தின் முன்னும் நிலையத்தின் மிச்சச் சுவரின் முன்னும் நின்று மக்கள் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கின்றனர். நமது மாணவர்களும் எடுத்தார்கள்; பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்களில் ஒருவன், "இங்கிருந்து வண்டி எந்த ஊருக்குப் போகும், ஹஜ்ரத்?" என்று கேட்டான். கொழும்புக்கு என்றோம். அவன் நாம் விளையாட்டாகச் சொல்வதாக எண்ணிச் சிரித்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019 மார்ச் 1ஆம் நாள் பிரதமர் அடிக்கல் நாட்டினார். சுற்றுச்சூழல் கெடும் என்று மாநில அரசு எதிர்க்க, திட்டம் தேங்கிப்போயிற்று. அதே 2019இல், நவம்பர் 26ஆம் நாள், கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அன்று மாவட்டத் தலைநகரில் இருப்புப் பாதை இல்லை. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வேண்டிய பாதை ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான். நோயாளியும் மாணவனும் ஏறிச் செல்லும் அந்த 16 கிலோமீட்டர் ஆண்டாண்டாய் இழுபட்டபோது, மனு எழுதும் நம் நண்பர்கள் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. ஆளில்லாத மணலின் 17 கிலோமீட்டருக்கு மட்டும் கண்ணீர் வடிக்கிறார்கள். கப்பலோடு சேர்ந்து வருமானால் அந்த 17 கிலோமீட்டரையும் வரவேற்போம். கப்பல் இல்லையேல் அது நாடக மேடைத் திரையில் எழுதிய நிலையம்.

அக்கரையில் நடந்ததைப் பாருங்கள். போரில் சிதைந்து 1990இலிருந்து மூடிக்கிடந்த தலைமன்னார்ப் பாதை, 2015 மார்ச் 14ஆம் நாள் இறங்குதுறை வரை மீண்டும் திறக்கப்பட்டது. அதை அமைத்தது இந்திய அரசின் நிறுவனம். பணம் இந்தியா கொடுத்த கடன். கொடியசைத்தவர் இந்தியப் பிரதமர். நமது செலவில் நாமே அக்கரை வரை தண்டவாளம் போட்டுக் கொடுத்துவிட்டு, இக்கரையில் ஒரு கப்பலை விட இத்தனை ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறோம்!

நாகையிலிருந்துதான் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்களே என்பர். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. நல்லதே, யாழ்ப்பாணத்தார்க்குப் பெரும் பயன். ஆனால் மன்னாருக்கும் புத்தளத்துக்கும் கண்டிக்கும் செல்வோர்க்கு அது சுற்றுவழி. பிகார் மாநிலத்து ஜெயநகரிலிருந்து நேபாளத்தின் ஜனக்பூருக்கு 2022 ஏப்ரலில் பயணிகள் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது. இரு புறமும் ஒரே மைதிலி மொழி, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. அவர்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை? இரு கரையிலும் தமிழ் பேசுவோர்க்கு உறவு குறைவா?

எல்லைக்கோடுகள் அழியாதவை என்று நம்புவோர் நமது மலைக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலையடைந்த பிறகும் அவர்கள் பிடியிலேயே கிடந்தது. 1976இல் அரசு அதை ஒழித்தது. தலைமுறை தலைமுறையாக இருந்த ஒன்று ஓர் உத்தரவில் போயிற்று. தாளில் வந்தது தாளில் போகும்.

2024 டிசம்பர் 16ஆம் நாள் புதுடில்லியில் நமது பிரதமரும் இலங்கை அதிபரும் வெளியிட்ட கூட்டறிக்கையில், இராமேசுவரம் – தலைமன்னார் பயணிகள் கப்பலை விரைவில் மீண்டும் தொடங்க அதிகாரிகள் முயல வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நண்பர்கள் மனு எழுதுவதானால் இந்த வாக்கை எழுதட்டும். எந்த அதிகாரி, எந்த மாதம், எந்தக் கப்பல் என்று கேட்டு எழுதட்டும். அதில் முதல் கையெழுத்து நமதாக இருக்கும்.

இரண்டாவது கையெழுத்துக்கும் ஆள் இருக்கிறார். நமது மஹல்லாவில் ஒரு பெரியவர். தகப்பனார் கண்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அக்குறணையில் வாழ்க்கைப்பட்ட தமக்கையை அவர் கடைசியாகப் பார்த்தது கப்பல் நிற்பதற்கு முன். விமானத்தில் போகலாமே என்றால், எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆகும் செலவை விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். சென்ற மாதம் கடவுச்சீட்டைப் புதுப்பித்து வந்திருக்கிறார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "கப்பல் எப்ப விடுவாங்க, ஹஜ்ரத்?"