முதல் ரோட் சைக்கிள்: ஆஃபருக்கு முன்னால் அளவைப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்தபடி வரிசையாகப் போகும் சைக்கிள் கூட்டம். அதைப் பார்த்துவிட்டு 'நானும் ஒரு ரோட் சைக்கிள் வாங்கப்போறேன்' என்று வீட்டில் வந்து அறிவிக்கிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு, நாற்பதைத் தாண்டிய அப்பா அம்மாக்களும் உண்டு.

நடுத்தரக் குடும்பத்தில் ஒரு சைக்கிளுக்கு 40,000 ரூபாய் என்பது சின்ன முடிவு இல்லை. அப்படி வாங்கிய சைக்கிள் ஆறே மாதத்தில் பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக மாறினால், பழி சோம்பேறித்தனத்தின் மேல்தான் விழும். ஆனால் பல நேரங்களில் காரணம் வேறு. ஓட்டினால் கழுத்து வலிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது, முட்டி குத்துகிறது. அதாவது, சைக்கிள் அந்த உடம்புக்கானது இல்லை.

வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்துப் பழகிய தலைமுறைக்கு இது புதிதாக இருக்கும். அப்போது சைக்கிள் எந்த உயரமோ, அதற்கேற்ப நாம் வளைந்துகொண்டோம். தெருமுனைவரை போய் வர அது போதும். ரோட் சைக்கிளில் குனிந்த நிலையில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அங்கே ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக்கூட உடம்பு சொல்லிக்காட்டிவிடும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு அளவு எடுத்துக்கொள்ளலாம். செருப்பில்லாமல் சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே இழுத்துப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்புவரை டேப் வைத்து அளந்தால் கால் நீளம் கிடைக்கும். அதை 0.883-ஆல் பெருக்க வேண்டும். 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு இது. கால் நீளம் 80 செ.மீ என்றால், பெடல்கள் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை சுமார் 70.6 செ.மீ இருக்க வேண்டும். எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று இல்லை. ஆனால், தொடங்குவதற்கு நல்ல இடம்.

சீட் உயரம் உண்மையில் சுலபமான பகுதி. ஏற்றலாம், இறக்கலாம். அதனால்தான் கடையில் மிச்சமிருக்கும் பெரிய சைஸைக் காட்டி, "சீட்டை இறக்கிக்கலாம் சார், 15 பர்சன்ட் ஆஃபர் வேற இருக்கு" என்று சொல்லும்போது நாமும் தலையாட்டிவிடுகிறோம். சீட்டை இறக்கினால் கால் எட்டும். ஆனால் ஹேண்டில்பார் அதே தூரத்தில்தான் இருக்கும். அதை எட்டிப்பிடிக்க முதுகும் கையும் நாள் முழுக்க நீள வேண்டும். சீட்டை முன்னால் தள்ளி இதைச் சமாளிப்பது இன்னும் மோசம். கைக்குப் பார்த்த வைத்தியம் முட்டிக்கு வினையாகும்.

உயரத்தை மட்டும் வைத்துப் போட்ட சைஸ் அட்டவணையையும் முழுதாக நம்ப வேண்டாம். 165 செ.மீ உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு உடம்பு நீளமாக இருக்கும். ஒரு கம்பெனியின் 'மீடியம்' அடுத்த கம்பெனியின் 'ஸ்மால்' ஆகவும் இருக்கலாம். ஆகவே கம்பெனி இணையதளத்தில் 'ஸ்டாக்', 'ரீச்' என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். பெடல் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ரீச். முதல் சைக்கிளுக்கு, அதுவும் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் முதுகுக்கு, ஸ்டாக் அதிகமாகவும் ரீச் குறைவாகவும் இருக்கும் 'எண்டூரன்ஸ்' வகைதான் நல்லது. பந்தய மாடல் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

கடையில் ஏறி உட்கார்ந்து, பிரேக் லீவரின் மேல்முனையில் கை வைத்துப் பாருங்கள். முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். தோள் காதுவரை ஏறக் கூடாது. குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை கொண்டுபோனால் கால் நேராக வேண்டும். வண்டியை நிறுத்திக் கால் ஊன்றும்போது மேல்பாருக்கும் உடம்புக்கும் இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் சின்னதே மேல். சின்னதை ஓரளவு நீட்டிக்கொள்ளலாம், பெரியதைச் சுருக்க முடியாது. கை எட்டுவதில் சிறிய குறை மட்டும்தான் என்றால், ஹேண்டில்பாரை இணைக்கும் 'ஸ்டெம்' துண்டை 10 மி.மீ குட்டையானதாக மாற்றித்தரச் சொல்லலாம். பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உயரம் குறைவான பெண்களுக்குத்தான் இதில் சிரமம் அதிகம். பல கடைகளில் எக்ஸ்ட்ரா ஸ்மால் இருப்பு வைப்பதே இல்லை. அந்த நிலையில் பொருந்தாத ரோட் சைக்கிளைவிட, பொருந்துகிற ஹைப்ரிட் சைக்கிள் ஆயிரம் மடங்கு மேல்.

பட்ஜெட் 40,000 என்றால் சைக்கிளுக்கு 33,000-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், பூட்டு, பம்பு, ஒரு ஸ்பேர் ட்யூப் எல்லாம் மிச்சப் பணத்தில் வர வேண்டும். பல ரோட் சைக்கிள்களில் ஒல்லியான 'ப்ரெஸ்டா' வால்வு இருக்கும். பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் அதில் நேரடியாகச் சேராது. சின்ன அடாப்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். (2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் சரிபாருங்கள்.)

கியர் விஷயத்தில் ஆசையைக் கொஞ்சம் அடக்கலாம். சென்னை மாதிரி சமதளத்துக்கு 8 ஸ்பீடு 'ஷிமானோ கிளாரிஸ்' தாராளம். ஏற்காடு, ஏலகிரி ஏறும் எண்ணம் இருந்தால் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 32 பல்லாவது இருக்கிறதா என்று பாருங்கள். டயர் 28 மி.மீ-க்குக் குறையாமல் இருந்தால் நம்மூர் பள்ளங்களைத் தாங்கும்.

செகண்ட் ஹேண்டில் நல்ல சைக்கிள் கிடைக்கும். ஒரிஜினல் பில்லும் ஃபிரேம் நம்பரும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஃபிரேம் குழாய்கள் சேரும் இடங்களில் விரிசல், பெயின்ட் சுருக்கம் இருந்தால் அந்த சைக்கிள் வேண்டாம். செயினில் 24 பின் இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினோடு பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். கடலோர ஊரில் ஓடிய சைக்கிள் என்றால், சீட் கம்பியைத் தளர்த்தி, ஏற்றி இறக்கிப் பார்க்காமல் பணம் தராதீர்கள். உப்புக்காற்றில் அது ஃபிரேமுக்குள் இறுகிப்போயிருந்தால், சீட் பழைய உரிமையாளரின் உயரத்திலேயே நின்றுவிடும்.

வாங்கிய முதல் இரண்டு வாரம் குட்டித் தூரங்களாக ஓட்டுங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட்டை 5 மி.மீ ஏற்றுங்கள். பின்பக்கம் இழுத்தால் அதே அளவு இறக்குங்கள். அப்படியும் வலி போகவில்லை என்றால் முதல் இலவச சர்வீஸுக்குக் கொண்டுபோகும் நாளில் மெக்கானிக் முன்னால் ஏறி உட்கார்ந்து காட்டுங்கள். போனில் சொன்னால் அவருக்குப் புரியாது.